ஒற்றை இருக்கை விமானமும் ஆடிக் காற்றும்

ஜூலை 17, வியாழன் – நாகர்கோவில்

மதுரையில் ரயில் ஏறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. வள்ளியூர் தாண்டியதும் ஜன்னல் வழியே வந்த காற்றில் எதிர் சீட்டுப் பாட்டியின் முறுக்குப் பொட்டலம் பறந்து என் மடியில் விழுந்தது. பாட்டி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்ட வந்தது உங்களுக்குத்தான், சாப்பிடுங்க" என்றார். பணகுடியிலிருந்து காற்றாலைகள் தொடங்கிவிட்டன. எல்லாமே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. என் நண்பன் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். நாங்கள் வந்த காரியத்துக்கு அது நல்ல சகுனம் இல்லை.

வந்த காரியம் ஒரு விமானம் வாங்குவது. நண்பன் மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஏரோநாட்டிகல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான். ஆய்வகத்தில் வெட்டி வைத்த இன்ஜினும் மர மாடல்களும்தான் இருக்கின்றன, பையன்கள் தொட்டுப் பார்க்க நிஜமாக ஒன்று வேண்டும் என்று நிர்வாகத்திடம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்துக்கு ஆரல்வாய்மொழியில் ஒரு தேங்காய்க் கிட்டங்கியில் கிடக்கும் ஒற்றை இருக்கை டிரைக்தான் வந்தது. மூன்று சக்கரம், ஒரு சீட், முதுகுக்குப் பின்னால் இன்ஜின், தலைக்கு மேல் முக்கோணத் துணி இறக்கை. வால் கிடையாது. எனக்கு இதில் என்ன வேலை என்றால், இறக்கையைத் தூக்க ஆள் வேண்டும். நான் தொண்ணூறு கிலோ.

ராத்திரி வடசேரிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். ரசவடை ஒன்று பதினைந்து ரூபாய். ரசத்தில் ஊறி, உள்ளே வரை மெத்தென்று, ஆனால் விரலில் எடுத்தால் உடையாமல் இருந்தது. மூன்று சாப்பிட்டேன். கல்லாவில் இருந்தவர் எங்கிருந்து வந்தோம், எதற்கு வந்தோம் என்று விசாரித்தார். விமானம் வாங்க என்று நண்பன் சொன்னதும், மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "பழசா, புதுசா?" என்றார்.

ஜூலை 18, வெள்ளி – ஆரல்வாய்மொழி

ஆடி முதல் வெள்ளி. பேருந்து முழுக்க மஞ்சள் புடவை. முக்கால்வாசிப் பேர் முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் போகிறவர்கள். தோவாளையில் நிறுத்தியதும் பூ மூட்டைகளோடு நாலு பேர் ஏறினார்கள். அதற்கப்புறம் வண்டிக்குள் பிச்சிப்பூ வாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நடத்துநர் பூ மூட்டைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று ஒரு கிலோமீட்டருக்கு வாதாடி, கடைசியில் ஒரு முழம் வாங்கி டிக்கெட் மிஷினில் சுற்றிக்கொண்டார்.

ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மொத்தமும் அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வேகம் பிடிக்கிறது. மே கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் வந்ததற்கு இதுதான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர் இந்த ஊரில் பெண் எடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். நண்பன் குடை விரித்தான். அது ஒரு நொடியில் தலைகீழாகி, கம்பி இரண்டு உடைந்தது. நூற்றைம்பது ரூபாய்க் குடை.

விற்பவரை நாங்கள் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். அறுபதைத் தாண்டியவர், காற்றாலையில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே முகத்தைக் காற்றுக்குக் காட்டி, "இன்னைக்கு பதினொண்ணு இருக்கும், கேட்டியளா" என்றார். வினாடிக்குப் பதினொரு மீட்டர் என்று அர்த்தம். அவருக்கு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கே வராது. நண்பன் பையிலிருந்து காற்று மானியை எடுத்துப் பிடித்தான். பத்தும் பன்னிரண்டுமாக ஆடியது. அண்ணாச்சி அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொன்று என்றால் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். காற்றாலைக்கு இது கொண்டாட்டம். அது மூன்று நான்கு மீட்டரில் சுற்றத் தொடங்கி, இருபத்தைந்தைத் தொட்டால்தான் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்றார் அண்ணாச்சி. டிரைக்குக்கு நேர் மாறு. இந்த மாதிரி ஒற்றை இருக்கை வண்டியின் இறக்கை, எதிர்க்காற்று மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் பாய்ந்தாலே ஆளையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதாவது இன்றைய காற்றில் வெளியே எடுத்து வைத்தால், நின்ற இடத்திலேயே அது பறக்கப் பார்க்கும். "இன்னைக்குப் பிரிச்சு மாட்ட முடியாது. இன்ஜினை மட்டும் பார்ப்போம்" என்றான் நண்பன்.

கிட்டங்கிக்குள் போனோம். ஒரு பக்கம் கூரை வரை தேங்காய். இன்னொரு பக்கம் தார்ப்பாய். அண்ணாச்சியின் தம்பி பெங்களூரில் வேலை பார்த்தபோது அங்கே யாரோ விற்றதை ஆசைப்பட்டு வாங்கி, லாரியில் போட்டு அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் கனடாவில் இருக்கிறார். இந்த மாவட்டத்தில் அது ஒரு நாளும் பறந்ததில்லை. பறக்கவும் முடியாது. இந்த மாதிரி வண்டிக்கு அமெரிக்காவில் 1982-லிருந்து ஒரு சலுகை உண்டு. ஒற்றை இருக்கை, வெறும் எடை 115 கிலோவுக்குள், பெட்ரோல் 19 லிட்டருக்குள் என்றால் உரிமமே வேண்டாம். நம் ஊரில் அனுமதி இல்லாமல் தரையை விட்டு எழும்ப முடியாது. அதிலும் கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடக்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ. யார் அனுமதி கொடுப்பார்கள்?

தார்ப்பாயை இழுத்ததும் எலி ஒன்று சீட்டுக்குள்ளிருந்து குதித்து ஓடியது. சீட் பஞ்சு பாதி காலி. இன்ஜின் ரோட்டாக்ஸ் 447, ஆஸ்திரியாக்காரன் செய்தது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், நாற்பது குதிரைத்திறன். ஐம்பதுக்கு ஒன்று என்று பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், லிட்டருக்கு இருபது மில்லி. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசமே இல்லை, வார்னிஷ் வாடை. எத்தனால் கலந்த பெட்ரோலை உள்ளே விட்டே வைத்திருந்தால் அது ஈரத்தை இழுக்கும், ரப்பரை ஊறவைக்கும். எரிபொருள் குழாயை நண்பன் விரலால் வளைத்ததும் பிளந்தது. மர ப்ரொப்பெல்லரின் ஒரு நுனியில் விரிசல். கயிற்றைப் பிடித்து இழுத்தால் மட்டும் இன்ஜின் சுற்றியது, உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை. அதில் இருவருக்கும் சந்தோஷம், ஆளுக்கொரு காரணத்துக்காக.

இறக்கை மேலே தொங்கியது. உத்தரத்தில் கயிறு கட்டி, நீளப் பையில் சுருட்டி, பத்தொன்பது அடி. இறக்கி ஒரு முனையை மட்டும் பிரித்தோம். துணி டேக்ரான், பாய்மரத்துக்குப் போடும் பாலியஸ்டர். வெயிலில் கிடந்தால் துணியை விடத் தையல் நூல்தான் முதலில் உளுத்துப்போகும் என்றான் நண்பன். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தையலில் மெல்லிய ஊசியைக் கோத்து, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் இழுத்தும் நூல் தாங்க வேண்டும். தராசு கொண்டுவர மறந்துவிட்டான். அப்போது வாசலில் மீன்காரம்மா சத்தம் கேட்டது. அண்ணாச்சி வீட்டு அக்கா போய்த் தராசைக் கேட்டார். ஆடி வெள்ளிக்கிழமையில் மீன் வாங்காத வீட்டில் தராசை மட்டும் கேட்டதில் அந்த அம்மாவுக்கு வந்த கோபம் தெரு முழுக்கக் கேட்டது. ஆனால் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கையும் பார்த்தார். எண்ணூறு கிராமில் நூல் 'டப்'பென்று அறுந்தது. "சாளைக்கே தாங்காதே மக்களே, மனுசன் எப்படிப் போவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விலையில் முப்பதாயிரம் குறைந்தது. ஒன்றரை லட்சத்தில் நின்ற அண்ணாச்சி ஒன்று இருபதுக்கு இறங்கினார். பறக்கத்தான் லாயக்கில்லை, ஆய்வகத்துக்குப் போதும்.

மதியம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். மறுக்க இடமே கொடுக்கவில்லை. சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, உள்ளித் தீயல், அவியல், பப்படம். தீயலில் தேங்காயைக் கருகும் எல்லை வரை வறுத்து அரைத்திருந்தார் அக்கா. மதுரையில் எந்த ஓட்டலிலும் இந்தக் கருப்பு நிறத்தில் குழம்பு வைக்கத் துணிய மாட்டார்கள். கடைசியில் ஆளுக்கு இரண்டு மட்டிப் பழம். விரல் நீளம்தான், தோல் காகிதம், ஆனால் ஒரு வீட்டையே மணக்கவைக்கும். இரண்டு வருடம் முன்னால் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அண்ணாச்சி தன் மகனுக்கு வேலை கிடைத்த செய்தி மாதிரி சொன்னார்.

ஜூலை 19, சனி – மாத்தூர்

அதிகாலையிலேயே அண்ணாச்சி போன் செய்துவிட்டார். "பதினாலு. வராண்டாம்."

ஒரு நாள் கையில் கிடைத்ததால் மேற்கே போனோம். இந்த மாவட்டத்தின் சிறப்பே அதுதான், ஒரு மணி நேரப் பேருந்தில் பருவமே மாறிவிடும். ஆரல்வாய்மொழியில் புழுதி. தக்கலை தாண்டினால் மழை, ரப்பர் மரங்களில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் நிரம்பி வழிகிறது. திருவட்டாறு பக்கம் பேருந்தில் கண்ணாடி இல்லாத ஜன்னல் எனக்கு வாய்த்தது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியர் தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி தமிழும் மலையாளமும் கலந்து போனில் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது நனைந்த துண்டைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனார். நன்றி சொல்வதற்குள் ஆள் இல்லை.

மாத்தூர் தொட்டிப் பாலம் பறளியாற்றின் மேல், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகக் கட்டியது. காமராசர் முயற்சியில் 1960-களில் வந்தது. உயரம் 115 அடி. தொட்டிக்குப் பக்கத்திலேயே நடக்கப் பாதை. நடுவில் போய்க் கீழே பார்த்தேன். தென்னை மரத்தின் தலையை மேலிருந்து பார்ப்பது அவ்வளவு இதமான காட்சி இல்லை. முழங்கால் தானாக மடங்கியது. நண்பனுக்கு இதுதான் பாடம் நடத்த ஏற்ற இடமாகத் தெரிந்திருக்கிறது. "டிரைக்ல இந்தக் கைப்பிடிச் சுவரும் கிடையாது. காலுக்குக் கீழ ஒரு குழாய், முன் சக்கரம், அவ்வளவுதான். அதுல ஐந்நூறு, ஆயிரம் அடில போவாங்க" என்றான்.

அப்புறம் அங்கேயே நின்று இந்த இறக்கையின் கதையைச் சொன்னான். 1948-ல் பிரான்சிஸ் ரோகல்லோ என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவர் மனைவி கெர்ட்ரூடும் வீட்டுச் சமையலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துக் காற்றாடி செய்து பறக்கவிட்டார்கள். கம்பிச் சட்டம் எதுவும் இல்லாமல் காற்றே உருவம் கொடுக்கிற இறக்கை. விண்வெளியிலிருந்து திரும்பும் ஜெமினி கலத்தைப் பாராசூட்டுக்குப் பதில் இதில் மிதக்கவிட்டுத் தரையிறக்கலாமா என்று நாசா சில வருடம் மண்டையை உடைத்து, 1964-ல் கைவிட்டது. நாசா விட்டதைக் கடற்கரைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். அலுமினியக் குழாய் வைத்துக் கட்டி, குன்றிலிருந்து ஓடித் தொங்கினார்கள். ஹேங் கிளைடர். தொங்குகிற ஆளுக்குப் பதில் சக்கரமும் இன்ஜினும் சீட்டும் தொங்கினால் டிரைக். இவ்வளவையும் அவன் சொல்லி முடிக்கும் வரை பின்னால் ஒரு குடும்பம் செல்ஃபிக்காகக் காத்திருந்தது. "சொல்லி முடிங்க சார், நாங்களும் கேட்டுட்டுத்தான் இருக்கோம்" என்றார் அந்த அப்பா. வள்ளியூர்க்காரராம். பிறகு அவர் கேட்ட கேள்வி: "மைலேஜ் எவ்வளவு?" மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும், எழுபது கிலோமீட்டர் போகும் என்றான் நண்பன். "அப்ப லிட்டருக்கு ஆறு. என் பழைய அம்பாசடரே எட்டு குடுத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலத்தடியில் அன்னாசிப்பழம் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, ஒரு தட்டு முப்பது ரூபாய். மழையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். மார்த்தாண்டத்தில் சாளை மீன் புளிமுளமும் மசித்த மரச்சீனிக் கிழங்கும் கிடைத்தது, இரண்டு பேருக்கு இருநூற்று நாற்பது. ராத்திரி விடுதியில் மின்சாரம் இல்லை, ஃபேன் இல்லை, கொசு மட்டும் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு – ஆரல்வாய்மொழி

நாலு மணிக்கு எழுந்து, ஆட்டோ பிடித்து (நானூறு ரூபாய், பேரம் செல்லவில்லை), ஐந்தரைக்குக் கிட்டங்கி. "ஆறு. விடிஞ்சு ஒரு மணிக்கூறு இப்படி நிக்கும், அப்புறம் ஏறிரும்" என்றார் அண்ணாச்சி. தென்னந்தோப்பின் மறைவில் ஒரு களம். அங்கே இறக்கையைப் பிரித்தோம். அண்ணாச்சி, நண்பன், நான், தேங்காய் உரிக்கும் இரண்டு அண்ணன்மார்.

பையின் ஜிப்பைத் திறந்ததும் உள்ளே ஒரு நீளச் சுருள், அதன் நடுவே பேட்டன்கள் என்கிற மெல்லிய அலுமினியக் குழாய்களின் கட்டு. மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் குழாய்களை மெதுவாகத் திறந்தால் துணி முக்கோணமாக விரிகிறது. நடுவில் நிற்கும் சின்னக் கம்பத்தை நிமிர்த்தி, கீழே முக்கோணச் சட்டத்தை விரித்து, ஸ்டீல் கம்பிகளை மாட்டினோம். கம்பி ஒவ்வொன்றையும் நண்பன் விரலால் உருவிப் பார்த்தான். ஒரு இழை அறுந்திருந்தாலும் விரலைக் கீறிக் காட்டிவிடும் என்பதற்காக. கீறவில்லை.

இனி பேட்டன்கள். ஒவ்வொன்றும் இறக்கையின் மேல் வளைவுக்குத் தகுந்தபடி முன்பக்கம் வளைத்திருக்கும். இடதுக்கு ஒரு நிற டேப், வலதுக்கு ஒன்று, அதில் பேனாவால் எண். எண் மாறினால் ஒரு பக்கம் வளைவு கூடும், பறக்கும்போது வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். துணியின் பின் ஓரத்தில் இருக்கும் பைக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, கடைசியில் எலாஸ்டிக் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி மாட்ட வேண்டும். சுலபமாகத்தான் தெரிந்தது. மூன்றாவதில் என் கட்டைவிரல் நகம் பிளந்தது. உள்ளே செருகச் செருக, தொளதொளவென்று கிடந்த துணி இறுகி, தட்டினால் முரசுச் சத்தம் வந்தது. வலது முடிந்தது. இடதில் ஐந்தாம் எண்ணைக் காணோம்.

பையை உதறினோம். கிட்டங்கியில் தேங்காயைப் புரட்டினோம். அண்ணாச்சி தம்பிக்குக் கனடாவுக்கே போன் போட்டார். அங்கே ராத்திரி எட்டு மணி, ஏதோ விருந்தில் இருந்தவர், "எல்லாம் பையிலதாம்ணே இருந்தது" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காற்று அதற்குள் எட்டுக்கு ஏறியது. ஐந்தாம் எண் இல்லாமலே போகட்டும் என்று முடிவு செய்தோம்.

டிரைக்கின் கம்பத்தை மடக்கி இறக்கைக்கு அடியில் உருட்டி, நடுக்குழாயில் இருக்கும் தொங்கு புள்ளியில் மாட்டி, போல்ட் போட்டு, பின் குத்தினோம். மொத்த வண்டியும் பறக்கும்போது இந்த ஒரு போல்ட்டில்தான் தொங்குகிறது. அது போனாலும் தாங்கட்டும் என்று மேலே ஒரு கேபிள் சுற்றியிருக்கிறது. கம்பத்தை நிமிர்த்தியதும் இறக்கை தலைக்கு மேல் நின்றது. முனைக்கு முனை முப்பது அடிக்கு மேல். களத்து மேட்டில் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. தோவாளைக்குப் பூக்கூடையோடு போன பெண்கள்கூட வண்டியை நிறுத்தி இறங்கினார்கள்.

"உக்காரு" என்றான் நண்பன். எலி தின்ற சீட்டில் உட்கார்ந்தேன். முகத்துக்கு முன்னால் குறுக்காக ஒரு பார். ஸ்டீயரிங், பெடல், வால், சுக்கான் எதுவும் இல்லாத விமானத்தின் மொத்தக் கட்டுப்பாடும் அந்தப் பார்தான். இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் என்ன செய்வாய் என்றான். இடதுக்குத் தள்ளினேன். வலது இறக்கை தாழ்ந்தது. கூட்டம் சிரித்தது. வானத்தில் பாரைப் பிடித்துக்கொண்டு நாம்தான் தொங்குகிறோம். பாரை வலதுக்குத் தள்ளினால் நம் உடம்பு இடதுக்குப் போகும், எடை போன பக்கம் இறக்கை சாயும், வண்டி அங்கே திரும்பும். பாரை மார்புக்கு இழுத்தால் எடை முன்னுக்குப் போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் மூக்கு எழும்பும், வேகம் குறையும். அதிகம் தள்ளினால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். தரையில் இன்னும் மோசம், முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும், வலது காலை அழுத்தினால் இடதுக்குப் போகும். "காவடி எடுக்கிற ஆளு எப்படித் திரும்புவான்? காவடியைப் புடிச்சுத் திருப்ப மாட்டான், இடுப்பைத்தான் திருப்புவான். அதேதான்" என்றார் தேங்காய் உரிக்கும் அண்ணன். நண்பன் வாயைத் திறந்தபடி நின்றான். அடுத்த செமஸ்டரிலிருந்து வகுப்பில் இது வரும் என்று நினைக்கிறேன்.

ஏழு மணி தாண்டியது. தென்னை மட்டைகள் ஒரே பக்கம் சாயத் தொடங்கின. "ஏறுது, இறக்கிருங்க" என்றார் அண்ணாச்சி. நான் இறங்கிய அந்த வினாடி வீச்சு ஒன்று வந்தது. மூக்கை நண்பன் அழுத்திப் பிடித்திருந்தான், அது ஒரு சாண் மேலே எழும்பியதும் துணி 'பக்'கென்று நிரம்பியது. நான் இடது முனைக் கம்பியைப் பிடித்திருந்தேன். என் தொண்ணூறு கிலோவுக்கும் குதிகால் மண்ணைவிட்டு எழுந்து, கட்டைவிரல் மட்டும் களத்தில் கோடு போட்டுக்கொண்டு ஒரு நாலடி போனது. டிரைக்கின் பின் சக்கரம் ஒன்று துள்ளியது. உரிக்கும் அண்ணன்மார் இரண்டு பேரும் முக்கோணச் சட்டத்தில் பாய்ந்து விழுந்து தொங்கினார்கள். அண்ணாச்சி கத்திய கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. மூக்கு தாழ்ந்தது, துணி அடங்கியது. மேட்டில் யாரோ கைதட்டினார்கள்.

பறந்த உணர்வு எப்படி என்று ஒரு சிறுவன் கேட்டான். கால் விரல் எரிகிறது என்றேன்.

பிரித்துச் சுருட்ட இரண்டு மணி நேரம். பிக்கப் மதியம் இரண்டுக்கு வருவதாகச் சொல்லி ஐந்தரைக்கு வந்தது. ஓட்டுநர் இறக்கைப் பையைப் பார்த்ததும், "பி.வி.சி. பைப்புன்னுதான சொன்னீங்க" என்றார். அப்படி யாரும் சொல்லவில்லை. மதுரைக்கு ஒன்பதாயிரம் பேசியது பத்தாயிரத்து ஐந்நூறு ஆனது. அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தபின் பத்தாயிரத்துக்கு வந்தார். கேபின் மேல் கம்பிச் சட்டத்தில் பையைப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் அக்காவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டினோம். டிரைக் பின்னால் தார்ப்பாய்க்குள்.

ஜூலை 21, திங்கள் – மதுரை

விடியற்காலை கிளம்பினோம். முப்பந்தலில் ஓட்டுநர் நிறுத்தி, இசக்கியம்மன் உண்டியலில் காசு போட்டு, குங்குமத்தை ஸ்டீயரிங்குக்கும் இறக்கைப் பைக்கும் சேர்த்தே வைத்தார். கொஞ்ச தூரத்தில் போலீஸ் சோதனை. இளம் காவலர் ஒருவர் பையைத் தட்டிப் பார்த்து, "என்ன இது, ட்ரோனா?" என்றார். நண்பன் கல்லூரிக் கடிதத்தைக் காட்டினான். பெரியவர் ஒருவர் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒருத்தர்தான் உக்கார முடியுமா?" என்றார். ஆமாம் என்றோம். "வீட்டுக்காரிய கூட்டிட்டுப் போக முடியாதே" என்று சொல்லிக் கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

பணகுடி தாண்டும் வரை வண்டியைப் பக்கவாட்டுக் காற்று தள்ளிக்கொண்டே இருந்தது, ஓட்டுநர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க இறங்கினோம், கால் கிலோ அறுபது. அங்கே காற்று செத்துக் கிடந்தது. வியர்வை.

கல்லூரி வாசலில் இறக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி போன். ஐந்தாம் எண் பேட்டன் கிடைத்துவிட்டதாம். பக்கத்து வீட்டில் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியில், நுனியில் அரிவாள் கட்டி வைத்திருக்கிறார்கள், பல வருடமாக. வளைவு இன்னும் சரியாக இருக்கிறதா என்று நண்பன் கேட்டான். "முருங்கைக்கா பறிக்க ரொம்ப வசதியா இருக்குன்னு சொல்லுதாங்க, குடுக்க மனசில்ல" என்றார் அண்ணாச்சி. ஒரு மூங்கில் தொரட்டி வாங்கிக் கொடுத்தால் தருவார்களாம். அதற்கு நூற்றைம்பது ரூபாய், கோட்டாறில் லாரி பார்சல் போட நூற்றெண்பது. நண்பன் ஜிபே செய்துவிட்டான்.